பாத்திரம் திறக்காத ஞாயிறு

அத்தியாயம் பதினான்கு

மூன்று மாதமாக அந்தச் சபையில் திருவிருந்து இல்லை. ஆவணி போயிற்று, புரட்டாதி போயிற்று, ஐப்பசியும் போயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு வெள்ளைத் துணி போட்டு மேசையில் வைத்த பாத்திரம், மூடின துணி மூடினபடியே மூப்பர் வீட்டுக்குத் திரும்பி வந்தது. எல்லாம் ஒரு பெண்பிள்ளையின் வலது கையால் வந்த வினை.

பாஸ்டர் கோணாமலையின் சபைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பார்கள். குடிக்கும் முன் மனத்தாங்கல் உள்ளவர்கள் எழுந்து போய் ஒருவருக்கொருவர் கை கொடுக்க வேண்டும். ஒரு ஆள் மறுத்தாலும் பாத்திரம் திறக்காது. வேலிச் சண்டை, கோழிச் சண்டை, சுனாமி வீட்டு லிஸ்டில் பேர் விடுபட்ட சண்டை எல்லாம் அந்த மேசைக்கு முன்னால்தான் தீர்ந்தன.

தீராமல் கிடந்தது தனுஷியாவின் வழக்கு ஒன்றுதான். அவள் விஜிதரனுக்குக் கை கொடுக்க மாட்டேன் என்றாள்.

காரணம் ஊருக்கே தெரியும். இரண்டே முக்கால் வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதத்து மத்தியானம், விஜிதரன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ரதீஸ் நிக்கானா? காம்புல ஒரு கையெழுத்து. உடன வந்திருவம்" என்றான். பாயில் கிடந்த அண்ணனைத் தட்டி எழுப்பினவள் தனுஷியாதான். ரதீஸ் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். பிறகு வரவில்லை.

அந்த நாளில் விஜிதரன் ஆயுதக்காரரோடு திரிந்தவன். இந்த வருஷம் மாசியில் வாவித் தண்ணீரில் ஞானஸ்நான முழுக்கு எடுத்தான். ஆறு மாதப் பரீட்சைக் காலம் முடிந்து ஆவணியில் அவனுக்கும் பாத்திரத்தில் பங்கு வந்தது. அன்றைக்குத்தான் தனுஷியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

போன கிழமை பாஸ்டர் வீடு தேடி வந்து சொன்ன சொல் நினைவிருக்கும். "இந்த ஞாயிறுதான் கடைசி. கை குடுக்காட்டி, உங்கட அப்பா மூப்பர் பதவிய விட்டிரணும்." அவர் போன கையோடு தனுஷியா வேதத்தைப் புரட்டத் தொடங்கினாள். சனிக்கிழமை பின்னேரம் ஒரு பக்கத்தில் ஈர்க்குத் துண்டு ஒன்றை வைத்து மூடினாள்.

இனி அந்த ஞாயிறு.

*

விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. தாய் கண்ணகை ஊறவைத்த முந்திரிகை வத்தலைச் சீலைத் துண்டில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தாள். சபைக்குத் திராட்சைச் சாறு இந்தக் குசினியிலிருந்துதான் போகும்.

"இந்த முறையும் வாழைக்கு ஊத்துறதா, இல்லாட்டி மனிசர் குடிக்கிறதா? இப்பவே சொல்லிரு புள்ள. வாழைக்கெண்டா இவ்வளவு சீனி போட மாட்டன்."

"வாழை நல்லா வளந்திரிக்கு. அதுக்கே ஊத்துங்க" என்றாள் தனுஷியா.

"கைதானே. குடுத்தாத் தேஞ்சா போகும்?"

"குடுத்தா அவன் வாய் திறப்பானா?"

"திறப்பான். மனம் இளகினா மனிசன் வாய் திறப்பான். உண்ட அண்ணன எந்தக் காம்புக்கு மாத்தினவங்க எண்டு அவனுக்குத் தெரியாம இரிக்குமா?"

கண்ணகையைப் பொறுத்தவரை ரதீஸ் எங்கேயோ இருக்கிறான். சண்டை முடிந்து ஆறு மாதம். அன்றிலிருந்து எந்த முகாமில் பேர் ஒட்டினாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் அவனுடைய போட்டோவும் பிறப்புப் பத்திரமும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டுவாள். அடுத்த முறைக்குப் பை அங்கேயே கிடக்கும்.

"சின்னவ மேனுகாவ அலை கொண்டு போச்சு. மண்ணுல வைக்கவும் கிடைக்கல்ல" என்றாள், பிழிந்த சக்கையை உதறிக்கொண்டு. "இவன உயிரோட தா ஆண்டவரே எண்டுதான் நான் முழுக்கே எடுத்தன். உண்ட அப்பா மாதிரி பாவம் புண்ணியம் எல்லாம் யோசிச்சு இல்ல."

தனுஷியா சிந்தின சக்கையைக் கூட்டி அள்ளினாள்.

"மத்தியானத்துக்கு ஒண்டுமில்ல கறிக்கு. இறால் சொதி வச்சு எவ்வளவு நாள். இந்த மனிசன் கண்ணாப் பக்கம் வலை போடுறதையே விட்டிட்டார். மாசியில இருந்து இஞ்சால கிழக்குக் கரையிலயே நிண்டு பொடி மீனப் பொறுக்கிக்கொண்டு வாறார். கேட்டா, முதுகு நோகுதாம்."

வாவியின் மேற்குக் கரையில், தண்ணீருக்குள்ளேயே வேர் விட்டு நிற்கும் கண்ணாக் காடு. நல்ல இறால் அங்கேதான். தனுஷியா அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை.

*

தகப்பன் வினாயகமூர்த்தி வெள்ளைச் சேட்டோடு படியில் நின்றார். முழுக்கு எடுத்தபோது பாஸ்டர் அவருக்கு ஆபிரகாம் என்று பேர் வைத்தார். ஒரு ஆளும் கூப்பிடவில்லை. கிராம சேவகர் லிஸ்டிலும் சரி, சபைச் சுவரிலே மூப்பர்கள் பேர் எழுதின பலகையிலும் சரி, வினாயகமூர்த்தி வினாயகமூர்த்திதான்.

கண்ணகை பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாள். தகப்பனும் மகளும் ஒரு குடைக்குள் பின்னால் நடந்தார்கள். சுனாமிக் குடியேற்றத்தின் ஒரே மாதிரி வீடுகள் இரண்டு பக்கமும் நனைந்துகொண்டு நின்றன.

"அப்பா, ஒண்டு கேக்கவா. பழைய உடன்படிக்கை முடிஞ்சுதா, முடியல்லயா?"

"முடிஞ்சுது. சிலுவையில முடிஞ்சுது."

"அப்ப தசமபாகம்? அதுவும் மோசே காலத்துச் சட்டம்தானே. எல்லாத்தையும் விட்ட பாஸ்டர் பத்துல ஒண்ட மட்டும் ஏன் விடல்ல?"

"வாய் கூடிப் போச்சு உனக்கு. வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் படிக்க அனுப்பினது இதுக்கா?"

"படிச்சு முடிச்சு ஒண்டரை வருஷமா வீட்டுல குந்திக்கொண்டிரிக்கன். வேற என்னத்தப் புரட்டுறது."

வழியில் தேங்கின தண்ணீரைத் தாண்டினார்கள். பிறகு அவர் தானாகவே தொடங்கினார்.

"பழையதுல ஆண்டவர் எழுதி வச்சுக்கொண்டு இருந்தார் புள்ள. கல்லுல எழுதினார். ஆர் என்ன செஞ்சான், அவண்ட பேரன் வரைக்கும் என்ன தண்டனை எண்டு. புதியதுல அதெல்லாத்தையும் அழிச்சுப் போட்டார். இனி நினைக்கவே மாட்டன் எண்டு சொல்லிப் போட்டார். அந்த ஒரு சொல்லுலதான் நான் உசிரோட நடமாடித் திரியிறன்."

அது பொய்யில்லை. அலை வந்த காலை அவருடைய வலது கையில் ஏழு வயது மகள் மேனுகா இருந்தாள். இடது கையில் வீட்டு ஜன்னல் கம்பி இருந்தது. மூன்றாவது அலையில் ஒரு கையை விட வேண்டி வந்தது. எந்தக் கையை விட்டார் என்பதை அவரே சபையில் எழும்பி நின்று சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். அழாமல் சொன்னார். கேட்டவர்கள்தான் அழுதார்கள்.

அப்பாவின் கடவுள் மறக்கிற கடவுள். அப்படி ஒருவர் கிடைத்திருக்காவிட்டால் அப்பா என்றைக்கோ ஒரு கயிற்றைத் தேடியிருப்பார். அது தனுஷியாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது. மறக்கிற கடவுள் அப்பாவுக்கு நல்லது. விஜிதரனுக்கு அதைவிட நல்லது. அண்ணனுக்கு என்ன நல்லது?

"எல்லாரும் மறந்தா, அப்ப ரதீஸ் எண்டு ஒருத்தன் இருந்ததுக்கு ஆர் சாட்சி?" என்றாள்.

வினாயகமூர்த்தி குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சரித்தார். அவருடைய தோள் நனைந்தது.

*

சபை ஒரு தகரக் கொட்டகை. பின்பக்கம் பத்து எட்டு வைத்தால் வாவி. வாசலில், கட்டித் தந்த வெளிநாட்டுக்காரரின் பலகை. எந்தப் பாஷை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

விஜிதரன் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், கதவோரமாக இருந்தான். எப்போதும் கதவோரம்தான். மெலிந்துபோயிருந்தான். வயதான பெண்களுக்குக் கதிரை தூக்கிக் கொடுப்பான். மழை ஒழுகினால் கூரையில் ஏறுவான். "தங்கமான பொடியன்" என்று பெண்கள் சொல்லும்போது தனுஷியா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பாஸ்டர் கோணாமலை அன்று இரண்டு உடன்படிக்கைகளைப் பற்றித்தான் பிரசங்கித்தார். பழையது மலையில் இடியோடும் புகையோடும் வந்தது. புதியது ஒரு மேல்மாடியில், அப்பத்தோடும் பாத்திரத்தோடும் வந்தது. பழையது மிருகத்தின் இரத்தம் கேட்டது. புதியதில் அவரே இரத்தம் கொடுத்தார். பழையதைப் பிடித்துத் தொங்குகிறவன் வேலை முடிந்த வீட்டுக்குச் சாரம் கட்டுகிறவன். இந்த இடத்தில் எல்லோரும் தனுஷியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப கை குடுக்கிற நேரம்" என்றார் பாஸ்டர். "தனுஷியா, எழும்புங்க பிள்ளை."

எழும்பினாள். கையில் வேதம் இருந்தது.

"பாஸ்டர், குடுக்கிறதுக்கு முதல் ஒண்டு சொல்லணும். மோசேட சட்டத்துல ஒரு இடம்."

முன்வரிசையில் இருந்த தபால்கார மூப்பர் திரும்பினார். பென்சன் எடுத்தவர், எதற்கும் அவசரப்படாதவர். "அது பழசு புள்ள. முடிஞ்ச கதை."

"ஓம். முடிஞ்ச கதை எண்டு நீங்க வாசிக்காம விட்ட பக்கத்தத்தான் நான் வாசிச்சன்."

பின்னாலிருந்து ஒரு மாமி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "கம்பஸுக்கு அனுப்பினா இப்பிடித்தான். நல்ல காலம், எண்ட மகள் ஓயெல் சோதினையிலயே பெயில்."

தனுஷியா ஈர்க்கு வைத்த பக்கத்தை விரித்தாள். ஆனால் வாசிக்கவில்லை. தன் சொல்லிலேயே சொன்னாள்.

"வெளியில ஒரு பிணம் கிடக்கு. ஆர் கொண்டது எண்டு தெரியா. அப்ப என்ன செய்யணும்? மூப்பர்மார் வந்து அளக்கணும். பிணம் கிடக்கிற இடத்துல இருந்து சுத்தி இரிக்கிற ஒவ்வொரு ஊருக்கும் எவ்வளவு தூரம் எண்டு அளக்கணும். எந்த ஊர் கிட்டவோ, அந்த ஊர் மூப்பர்மார் எல்லாருக்கும் முன்னால கை கழுவி, எங்கட கை இந்த இரத்தத்தச் சிந்தல்ல, எங்கட கண் காணல்ல எண்டு சொல்லணும். சொன்னாத்தான் அந்த ஊருக்கு மன்னிப்பு. ஆண்டவர் மன்னிக்கிறார்தான், இல்லயெண்டு சொல்லல்ல. ஆனா அளந்து போட்டுத்தான் மன்னிக்கிறார்."

"பிணம் இல்லயே பிள்ளை" என்றார் பாஸ்டர், மெதுவாக.

தனுஷியா தாயின் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "இரிக்கான் எண்டு சொல்லவும் ஆளில்ல. இல்ல எண்டு சொல்லவும் ஆளில்ல. அதத்தான் கேக்கன். மூப்பர்மார் சொல்லுங்க. விஜிதரன் அதப் பாத்துக்கொண்டு இரிக்கட்டும். பிறகு நான் அவனுக்குக் கை குடுக்கன்."

"சத்தியம் பண்ணக் கூடாது எண்டு ஆண்டவர் சொல்லியிரிக்கார்."

"சுனாமி வீடு எடுக்கக்க எல்லாரும் சத்தியக் கடதாசி குடுத்தம்தானே பாஸ்டர். நீங்களும்தான் குடுத்தீங்க."

சபையில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. பாஸ்டரும் சிரித்துவிட்டார். மூன்று மாதத்துத் தொல்லை ஒரு செம்புத் தண்ணீரோடு முடிகிறது என்றால் அவருக்கு என்ன நட்டம்?

"சரி. சொல்லிட்டா கை குடுப்பீங்க. சொல் மாற மாட்டீங்க?"

"மாற மாட்டன்."

பெரிய வியாழனில் கால் கழுவுகிற பேசினைக் கொண்டுவந்து வைத்தார்கள். வினாயகமூர்த்தி செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்ற நின்றார். சொல்ல வேண்டியதைத் தனுஷியா ஒரு கடதாசியில் எழுதி வைத்திருந்தாள். மூன்று வரி. முதல் இரண்டும் பழைய சட்டத்தில் உள்ளவை. மூன்றாவதை அவளே சேர்த்திருந்தாள்.

பாஸ்டர் கோணாமலை கையை நீட்டினார். "இந்த இரத்தத்த எண்ட கை சிந்தல்ல. எண்ட கண் காணல்ல. ரதீஸ் எங்க எண்டு எனக்குத் தெரியா."

தனுஷியா விஜிதரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். முழுக்குக்கு வந்த விஜிதரனிடம், "எனக்கு ஒண்டும் சொல்லத் தேவல்ல, ஆண்டவரிட்டச் சொல்லு" என்றவர் அவர். கேட்காமல் காதைப் பொத்தினவனுக்குத் தெரியாது என்று சொல்வது லேசு.

தபால்கார மூப்பரும் கழுவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மூன்று வரியையும் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

விஜிதரனின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அதைப் பார்த்து அவன் வாய் திறப்பான் என்றுதானே தனுஷியா ஒரு கிழமை விழித்துக் கிடந்தாள்?

"முடிஞ்சுது" என்றார் பாஸ்டர். "வாங்க, கை குடுங்க."

"பாஸ்டரோட சேத்து மூப்பர் மூண்டு பேர்" என்றாள் தனுஷியா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நேரத்தை இழுக்கத்தான் சொல்லியிருக்க வேண்டும். "அப்பாவும் சொல்லட்டும்."

"அவர் தகப்பன் பிள்ளை. அவருக்கு என்னத்துக்கு?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே."

தபால்காரர் செம்பை வாங்கிக்கொண்டார். வினாயகமூர்த்தி கைகளை நீட்டினார். வலை இழுத்துக் காய்த்த கைகள். தண்ணீர் விரலிடுக்கால் பேசினில் விழுந்தது.

"இந்த இரத்தத்த எண்ட கை சிந்தல்ல."

குரல் தெளிவாக இருந்தது.

"எண்ட கண் காணல்ல."

பிறகு நின்றார். கடதாசி தேவையில்லை, இரண்டு தரம் காதால் கேட்ட வரிதான். தண்ணீர் ஊற்றி முடிந்துவிட்டது. கைகள் பேசினுக்கு மேல் நீட்டினபடியே நின்றன. கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க" என்றாள் கண்ணகை, பெண்கள் பக்கத்திலிருந்து. "சொல்லி முடிங்க. கறி வைக்கணும்."

அவர் சொல்லவில்லை.

"தெரியா எண்டு சொல்லுங்க."

வினாயகமூர்த்தியின் வாய் திறந்தது, மூடியது. அலையில் எந்தக் கையை விட்டேன் என்று ஊர் கேட்கச் சொன்ன மனிதர் அவர். பொய் சொல்ல அவருக்கு வாய் பழகவில்லை.

விஜிதரனுக்கு என்று அவள் போட்ட வலை அது. மூன்றாவது வரி அவளுடைய கையெழுத்து.

கதவோரத்தில் கதிரை தள்ளுகிற சத்தம் கேட்டது. விஜிதரன் எழுந்து நின்றான். "அவர விடுங்க மாமி. நான்தான் சொன்னன். முழுக்குக்கு முதல் நாள். அவருக்கு மட்டும்தான் சொன்னன்."

"என்னத்தச் சொன்னாய்?" என்று கண்ணகை அவனைக் கேட்கவில்லை. புருஷனைக் கேட்டாள். "என்ன சொன்னான்?"

"வலை இழுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணியில நிண்டன்" என்றார் வினாயகமூர்த்தி. "வந்து சொன்னான். ரதீஸ் இல்ல எண்டான். எவடம் எண்டும் சொன்னான்."

கண்ணகை அழவில்லை. தலையில் போட்டிருந்த முக்காட்டைக் கழற்றி, ஒழுங்காக நாலாக மடித்து, கதிரையில் வைத்தாள்.

"மாசி" என்றாள். "இப்ப கார்த்திகை. ஒம்பது மாசம். போன மாசமும் நான் லிஸ்ட் பாக்கப் போனன். பஸ் காசு தந்து அனுப்பினது நீங்க."

"நீ சோறு திண்டது அந்த நம்பிக்கையில கண்ணகை. அத எப்பிடி நான் புடுங்கிறது?"

"அதுக்காகவா?"

அவர் ஈரக் கையைச் சேட்டில் துடைத்தார். "அதுக்காக மட்டும் இல்ல. அவன் செஞ்சத நான் எடுத்துப் பேசினா, எண்ட கை விட்டதையும் எடுத்துப் பேசணும். ரெண்டையும் ஒரே இரத்தம் கழுவிச்சு எண்டு நம்பினன். புதிய உடன்படிக்கை எண்டா அதுதானே. அதான் அண்டைக்கே அவனுக்குக் கை குடுத்தன். நினைக்கல்ல எண்டு வாக்குக் குடுத்தன்."

"கழுவினது பாவத்தத்தானே அப்பா" என்றாள் தனுஷியா. "அண்ணனயுமா சேத்துக் கழுவி ஊத்தினீங்க?"

பாஸ்டர் வாய் திறக்கப் போனார். கண்ணகை அதற்குள் மேசைக்குப் போய், துணியோடு பாத்திரத்தைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"இத நீங்க வச்சிரிங்க பாஸ்டர். நான் எண்ட புள்ளயப் பாத்திட்டு வாறன்."

பிறகு புருஷனிடம் கேட்டாள். "உங்கட மகள் சொன்ன சட்டத்துல முதல் வேலை என்ன? அளக்கிறது. எவ்வளவு தூரம்?"

"தோணியில அரை மணித்தியாலம்."

"எந்தப் பக்கம்?"

"கண்ணாப் பக்கம்."

இறால் சொதி இல்லாமல் போன ஒன்பது மாதமும் அப்போதுதான் தனுஷியாவுக்கு விளங்கியது.

*

தோணி சபைக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. கண்ணகை முன்னால் ஏறி, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பையை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. சபைக்கும் அதைக் கொண்டுதான் வந்திருக்கிறாள். வினாயகமூர்த்தி பின்னால் துடுப்புச் சவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இடம் காட்ட விஜிதரன் வர வேண்டும். முழங்கால் தண்ணீரில் வந்து நின்றான். தோணி ஒரு பக்கம் சரிந்தது. பிடித்து ஏற்ற ஒரு கை வேண்டும். நடுவில் இருந்தது தனுஷியா.

அவன் கையை நீட்டினான். பிறகு, யாருடைய தோணி என்று நினைவு வந்தவன் போல இழுத்துக்கொண்டான்.

"விளிம்பப் புடிச்சுக்கொண்டு ஏறு" என்றாள். "எண்ட கையப் பாக்காத."

விழுந்தெழும்பி ஏறினான். தோணி கரையை விட்டது. கரையில் சபை முழுக்கக் குடையோடு வந்து நின்றது. பாஸ்டர் பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாதி வழியில் விஜிதரன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நான் சுடல்ல. கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தது நான். அவடத்த விட்டிட்டு வரச் சொன்னாங்க, விட்டிட்டு வந்தம். புதைக்கல்ல. மூண்டாம் நாள் மனசு கேக்காம நான் மட்டும் போய்ப் பாத்தன். ஆரோ அடக்கியிருந்தாங்க. தலைமாட்டுல ஒண்டு, கால்மாட்டுல ஒண்டு, ரெண்டு கட்டை நட்டுக் கிடந்திச்சு. மீசான் கட்டை."

சோனக முஸ்லிம்களின் மையவாடியில் புதைகுழிக்கு அடையாளமாக நடுகிற கட்டை. கண்ணகை திரும்பிப் பார்க்கவில்லை. "நட்டவன் நல்லாயிரிக்கட்டும்" என்றாள்.

கண்ணாக் காட்டைச் சுற்றித் திரும்பியதும் கரை தெரிந்தது. அதற்கு அங்கால் வட்டை. மாரி விதைப்புக்கு உழுத வயல், கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகக் கிடந்தது. வரம்பில் ஒரு வயதான மனிதர் மண்வெட்டியோடு நின்றார். தோணியைக் கண்டதும் வெட்டுவதை நிறுத்தினார். மடித்துக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டு, தொப்பியைச் சரி பார்த்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

வினாயகமூர்த்தியைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். "நீங்கதானே அந்தத் தோணிக்காரர். இந்தப் பக்கம் வலையும் போடாம, கரைக்கும் ஏறாம, சும்மா வந்து தூரத்துல நிண்டு பாத்திட்டுப் போறவர். எத்தினை தரம் கையக் காட்டிக் கூப்பிட்டன். ஓடிப் போயிருவீங்க."

கண்ணகை புருஷனைப் பார்த்தாள். அவர் சவளின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ட பேர் மீராசாஹிப். ஏறாவூர். இது எண்ட வயல்" என்றார் கிழவர். "சண்டை இஞ்சால இறங்கின வருஷம் வயலப் பாக்க வந்த இடத்துல கண்டன். என்ன ஆக்கள் எண்டு தெரியா. சொல்லப் போனா என்னையும் புடிப்பாங்க எண்டு பயம். எனக்குத் தெரிஞ்ச மாதிரி தண்ணி ஊத்தி, தொழுது, அடக்கினன். பிழை எண்டாச் சொல்லுங்க தங்கச்சி."

"பிழை இல்ல" என்றாள் கண்ணகை. "அது எண்ட புள்ள."

மீராசாஹிப் மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு முன்னால் நடந்தார். பற்றையை வெட்டித் துப்புரவாக்கின ஒரு மேட்டில் போய் நின்று ஒதுங்கிக்கொண்டார்.

தனுஷியா எண்ணினாள். ஒன்று, இரண்டு. அதற்குப் பக்கத்தில், ஒரு பாய் அகலம் தள்ளி, இன்னும் இரண்டு. நாலு கட்டை.

"நான் கண்டது ரெண்டு கட்டைதான்" என்றான் விஜிதரன். "ஒராளத்தான் விட்டம். சத்தியமா ஒராளத்தான்."

"மற்றது பொறகு வந்தது. பத்து நாளைக்குப் பொறகு" என்றார் மீராசாஹிப். "ரெண்டும் இளம் பொடியன்கள். முகம் பாக்கிற மாதிரி இல்ல. வெள்ளத்துல கட்டை ரெண்டு தரம் சரிஞ்சுது. திரும்பத் திரும்ப நட்டன். எது முந்தி, எது பிந்தி எண்டு இப்ப எனக்கே நிச்சயமில்ல."

கண்ணகை இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு பாய் அகலத்தில் போய் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள்.

மீராசாஹிப் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுல உங்கட மகன் எது தங்கச்சி?"